புது ரீச்சர்மாருக்கான விசேட கல்வி ஒன்லைன் வகுப்பு: காசு கட்டலாமா?

விசேட கல்வி அலகுக்கு (இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு) ஆள் இல்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திறப்பைக் கையில் தர, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கிற புது ஆசிரியர்கள் வன்னியில் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டம்தான். படித்தது வேறு பாடம், நியமனம் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்னப் பாடசாலை. எங்களைப் போன்றவர்களைக் குறிவைத்து ஒரு வகுப்பின் விளம்பரம் முகநூலில் விடாமல் வந்துகொண்டிருக்கிறது: விசேட கல்வியின் முக்கியமான சொற்களும் சட்டங்களும், முழுக்கத் தமிழில், இரவு நேரத்தில் சூமில், கூடவே ஒரு பிடிஎப் கைநூல், முடிவில் சான்றிதழ். தமிழ்நாட்டில் இருந்து நடத்துகிறார்கள். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. விளம்பரத்தைக் கண்டவர்களுக்கு எது என்று விளங்கும்.

5க்கு 3 கொடுப்பேன். சொற்களுக்காகச் சேருங்கள், நல்ல வகுப்பு. சட்டத்துக்காகச் சேராதீர்கள், அதிலும் இலங்கையில் படிப்பிக்கிறவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

படிப்பித்தவர் அனுபவசாலி. குரலிலேயே தெரியும், புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற ஆள் இல்லை. முதல் நாளே எல்லாரையும் மைக்கைப் போட்டுத் தங்கள் வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொன்னார், பிறகு அந்தப் பிள்ளைகளை வைத்தே பாடத்தைக் கொண்டுபோனார். சூம் வகுப்பு என்றால் எங்கள் பக்கம் சிக்னல் பிரச்சினை வராமல் இருக்காது. மழை இருட்டினால் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓட வேண்டும். ஆனால் பதிவை அடுத்த நாள் காலையிலேயே வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள், அதுவும் சின்ன அளவில், டேட்டா அதிகம் தின்னாது. இந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

வகுப்பின் உயிர் என்றால் ஐ.ஈ.பி. பற்றிய பகுதிதான். எங்கள் பக்கம் தனியாள் கல்வித் திட்டம் என்போம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இலக்குகளை எழுதி வைக்கிற திட்டம். அலகில் ஒரு பைல் நிறைய இருக்கிறது, எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே வசனம், பிள்ளையின் பெயர் மட்டும் வேறு. இவர் ஒரு மாதிரித் திட்டத்தைத் திரையில் போட்டார். இலக்கு என்ற இடத்தில் 'வாசிப்பில் முன்னேற்றம் காண்பார்' என்று இருந்தது. இதை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு உட்கார்ந்து வெட்டித் திருத்தத் தொடங்கினார்: பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, எந்த மட்டத்துப் பந்தி, எத்தனை சொல், எத்தனை பிழை வரை விடலாம், எத்தனை தரம் தொடர்ந்து செய்தால் வந்துவிட்டது என்று எடுப்போம், யார் அளப்பார், எப்போது அளப்பார். கடைசியில் அந்த ஒரு வரி இப்படி ஆனது: 'தரம் 2 மட்டத்தில், முன்பு கண்டிராத 50 சொல் பந்தி ஒன்றைக் கொடுத்தால், அடுத்தடுத்த 3 வாசிப்பிலும் 5 பிழைக்கு மேல் விடாமல் வாசிப்பார்; மாதம் ஒரு தரம் வகுப்பாசிரியர் அளந்து பதிவார்.' ஒரு வரியில் அரை மணி நேரம் போனது. வகுப்பில் கட்டிய காசுக்கு அந்த அரை மணி நேரமே போதும் என்பேன். ஏனென்றால் இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை, நாளைக்கே ஒரு சிஆர் கொப்பியில் எழுதத் தொடங்கலாம்.

அடுத்து அக்கொமடேஷன், மொடிபிகேஷன் என்ற இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு. முதலாவது, படிக்கிற விஷயத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளை அதை எட்டும் வழியை மட்டும் மாற்றுவது: கூடுதல் நேரம், பெரிய எழுத்து, முன்வரிசை, சொல்ல எழுதுகிற ஆள். இரண்டாவது, விஷயத்தையே குறைப்பது அல்லது மாற்றுவது: தரம் 5 பிள்ளைக்குத் தரம் 2 பாடம். எங்கள் அலகில் ஒரு பொடியன் இருக்கிறான். பென்சில் பிடித்தால் கை நடுங்கி, நாலு எழுத்துக்கு மேல் போகாது. அம்மம்மாதான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவா. "அவனுக்கு எல்லாம் விளங்கும் ரீச்சர், கைதான் ஏலாது" என்று நான் போன புதிதிலேயே சொன்னா. அவனுக்கு அலகில் வருஷக் கணக்காகக் கொடுத்து வந்தது தரம் 1 எழுத்துப் பயிற்சிக் கொப்பி. அதாவது கை ஏலாத பிள்ளைக்கு மூளைக்குரிய வேலையைக் குறைத்திருக்கிறார்கள். வகுப்பில் இந்தப் பாடம் முடிந்த கிழமை சுற்றாடல் பாட வினாத்தாளை அவனுக்கு வாசித்துக் காட்டி, வாயால் பதில் சொல்ல வைத்து நான் எழுதினேன். குளத்துக் கட்டு, துருசு, வாய்க்கால் எல்லாம் ஒழுங்காக வந்தது. ஒரு கேள்விக்கு நான் எதிர்பார்த்ததை விடக் கூடவே சொன்னான், தாத்தாவோடு வயலுக்குப் போகிற பொடியன் அல்லவா. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் கூடுதல் நேரமோ எழுதுகிற உதவியாளரோ கேட்கலாம் என்பது இங்கே பல பெற்றோருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு ஆண்டுக் கணக்காகப் பாடத்தையே குறைத்துவிட்டால், பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடக் கிடைத்து என்ன பிரயோசனம்.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இனிச் சட்டம்.

சட்டப் பகுதியில் பெரும்பகுதி அமெரிக்கா. அதில் பிழை இல்லை, விசேட கல்வியில் நாங்கள் புழங்குகிற சொற்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகின்றன, எனவே மூலத்தைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். சொன்ன விதமும் நன்றாக இருந்தது. 1954 இல் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்துப் படிப்பிப்பது செல்லாது என்ற பிரவுண் வழக்குத் தீர்ப்பு, அதைப் பிடித்துக்கொண்டு 1970களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலும் வொஷிங்டனிலும் இயலாமையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் போட்ட வழக்குகள், 1973 இல் அரசுப் பணம் பெறும் இடங்களில் இயலாமையைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்ற புனர்வாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவு, 1975 இல் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்ட, இயலாமையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்ற 94-142 ஆம் இலக்கச் சட்டம், 1990 இல் அது ஐ.டி.ஈ.ஏ. (இயலாமையுள்ளவர்களின் கல்விச் சட்டம்) என்று பெயர் மாறியது, பிறகு 2004 திருத்தம். 3 வயதில் இருந்து 21 வரை, 13 வகை இயலாமை, கட்டணமில்லாத பொருத்தமான கல்வி, முடிந்த அளவு மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து. பெற்றோர் சம்மதம் கொடுத்தால் 60 நாளுக்குள் மதிப்பீடு, தகுதி என்று முடிவானால் 30 நாளுக்குள் திட்டக் கூட்டம், வருஷத்துக்கு ஒரு தரம் மீள்பார்வை, 3 வருஷத்துக்கு ஒரு தரம் மறுமதிப்பீடு. 'பொருத்தமான' என்றால் எவ்வளவு என்று கேட்டு நடந்த இரண்டு வழக்குகளையும் கதை மாதிரிச் சொன்னார்: 1982 இல் ரோலி வழக்கில், காது கேளாத சிறுமி வகுப்பேறிக்கொண்டுதானே போகிறாள், சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 இல் கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள பையனின் என்ட்ரூ வழக்கில், பேருக்கு ஏதோ ஒரு துளி முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்குத் திட்டம் வழிசெய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. (அங்கேயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஆகும் மேலதிகச் செலவில் 40 வீதம் வரை மத்திய அரசு தரும் என்று 1975 இல் சொன்னது இன்னும் அந்த அளவை எட்டவில்லை. வகுப்பில் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.)

பிறகு இந்தியா: 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகள் 21 ஆனது, 40 வீதமோ அதற்கு மேலோ என்று சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அதுவும் சரி.

இலங்கைக்கு அரைப் பக்கம். அதிலும் ஒரு வரி, இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயம் பற்றி. வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இங்கிருந்து: கிளிநொச்சி, மன்னார், வவுனியா, மட்டக்களப்பும் உண்டு. எங்களிடம் காசு வாங்கும்போது எந்த நாடு என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள், பாடம் எழுதியவர்கள் அந்தப் படிவத்தைப் பார்க்கவில்லைப் போல. மன்னாரில் இருந்து ஒரு ரீச்சர், "சேர், எங்களுக்கும் 60 நாள் இருக்கா?" என்று கேட்க, "எல்லா நாட்டிலும் ஏறக்குறைய இதுதான் மேடம்" என்று பதில் வந்தது. இல்லை. இங்கே அப்படி ஒரு கெடு எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஒட்டுசுட்டான் சந்தியில் நின்றுகொண்டு நியூயோர்க் பஸ்ஸின் நேர அட்டவணையைப் பார்க்கிற மாதிரிதான் இது. அட்டவணையில் ஒரு பிழையும் இல்லை, பஸ்தான் வராது.

இது ஏதோ நுணுக்கம் பார்க்கிற கதை இல்லை. எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, அலகுப் பிள்ளை ஒன்றின் தாயிடம், சட்டப்படி உங்கள் பிள்ளைக்குத் தனியாள் திட்டம் தந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மா பஸ் ஏறிப் போய்க் கேட்டிருக்கிறா. எந்தச் சட்டம் என்று அங்கிருந்தவர்கள் திருப்பிக் கேட்க, அவவுக்கும் தெரியவில்லை, போனில் கேட்கத் தம்பிக்கும் தெரியவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போன மனுசி. இனி அந்த அம்மா ஒரு ரீச்சர் சொல்வதை நம்புவாவா?

அந்த அரைப் பக்கத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்றால், முதலில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அதன் 23 ஆம் பிரிவுதான் எங்களுக்கு முக்கியம். இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது, பொதுமக்கள் புழங்கும் கட்டடத்தைப் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கவனியுங்கள், வாசலைத் திறந்து உள்ளே விடச் சொல்கிறது. உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன படிப்பிக்க வேண்டும், யார் மதிப்பிட வேண்டும், எத்தனை நாளில், பெற்றோர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்பதெல்லாம் அதில் இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் உடம்பே அந்த விபரங்கள்தான். அடுத்தது கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி: 1939 கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது, 1998 இல் இருந்து 5 முதல் 14 வயது வரை, 2016 இல் அது 16 வயது வரை நீண்டது. மூன்றாவது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை. பாகுபாடு கூடாது என்று இனம், மதம், மொழி, சாதி, பால் என்று அடுக்குகிற இடத்தில் இயலாமை பெயர் சொல்லி வரவில்லை. ஆனால் 12(4) இல், பெண்கள், சிறுவர்கள், இயலாமையுள்ளவர்கள் முன்னேறுவதற்கு அரசு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று இருக்கிறது. செய்யலாம், அவ்வளவுதான். பிறகு இயலாமை பற்றிய 2003 இன் தேசியக் கொள்கை. கடைசியாகத்தான் அவர்கள் சொன்ன ஐ.நா. சமவாயம்: இலங்கை 2007 இல் கையெழுத்திட்டு 2016 இல் உறுதிப்படுத்தியது, அதன் 24 ஆம் உறுப்புரை உட்படுத்தற் கல்வியை, அதாவது மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிப்பிப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சர்வதேச ஒப்பந்தத்தை இங்கே நேரடியாக நீதிமன்றத்தில் தூக்கிப் பிடிக்க முடியாது, உள்நாட்டுச் சட்டமாக வந்தால்தான் பிடிக்கலாம். இவ்வளவையும் ஒரு இரவு வகுப்பில் சொல்லி முடிக்கலாம். சொன்னால் அந்த அம்மா பஸ் ஏறியிருக்க மாட்டா. அல்லது, 23 ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு, பாடசாலையில் சேர்க்க மறுத்த இடத்துக்குப் போயிருப்பா.

இதில் எரிச்சல் என்னவென்றால், அமெரிக்கச் சட்டத்திலேயே எங்களுக்கு உண்மையாக உதவக்கூடிய இரண்டு விஷயங்களை அவர்கள் ஓட்டமாகக் கடந்துபோனதுதான்.

ஒன்று, விலக்கு விதி. ஒரு பிள்ளை வாசிப்பிலோ கணிதத்திலோ பின்தங்கி நிற்பதற்கு முக்கிய காரணம் ஒழுங்கான கற்பித்தல் கிடைக்காததுதான் என்றால், அந்தப் பிள்ளையை இயலாமை உள்ளவர் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது சட்டம். ஆங்கிலம் போதாமைதான் காரணம் என்றாலும் அதே. கற்றல் இடர்பாடு என்ற வகைக்குள் சூழல், பண்பாடு, வறுமை முதன்மைக் காரணமாக வரும் பின்னடைவைச் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. இதைப் பிடிஎப்பில் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வன்னியில் இது சின்ன எழுத்து விஷயமா? அலகுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் எல்லாருக்கும் இயலாமையா என்று ஒரு தரம் இருந்து பாருங்கள். கடற்கரைப் பக்கத்தில் பருவத்துக்குப் பருவம் குடும்பத்தோடு மீன்பிடி வாடிக்குப் போய்விட்டு வருகிற பிள்ளை. ரீச்சர் இடமாற்றம் வாங்கிப் போன பிறகு பல மாதம் ஆள் வராத வகுப்பில் இருந்த பிள்ளை. தாய் வெளிநாட்டில், தகப்பன் இல்லை, காலையில் தம்பி தங்கச்சியைப் பார்த்துவிட்டு இரண்டாம் பாடத்துக்கு வருகிற பிள்ளை. தரம் 4 இல் அ, ஆ தடுமாறினால் உடனே 'மெல்லக் கற்பவர்' என்று ஒரு பட்டம், அலகில் ஒரு கதிரை. அந்தப் பிள்ளைக்குத் தேவை வாசிக்கப் படிப்பிக்கிற ஒரு ஆள். அந்த விதி இங்கே சட்டம் இல்லைதான், ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ள யார் தடுக்கிறார்கள்? நான் சேர்த்திருக்கிறேன்: போன வருஷ வரவுப் பதிவு என்ன, அந்த வகுப்புக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இருந்தார். அதிபர் முதலில் முகத்தைச் சுளித்தார், இரண்டாவது கேள்வி தன்னைக் குத்துகிறது என்று நினைத்திருப்பார். பிறகு விட்டுவிட்டார்.

இரண்டாவது, 13 வகைகளில் 1990 இல் ஆட்டிசத்தோடு சேர்த்துப் புதிதாக வந்த வகை: வெளிக் காயத்தால் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு. திரையில் ஒரு வரி, உதாரணத்துக்கு மோட்டார்சைக்கிள் விபத்து, அடுத்த பக்கம். போரில் பட்ட செல் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிற ஊர்களில் படிப்பிக்கிற எங்களுக்கு இதில் கேட்க எவ்வளவு இருந்தது. 2009 இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் பாடசாலையை விட்டுப் போகிற வயதாகிவிட்டது, உண்மைதான், ஆனால் ஏ9 வீதியில் அடிபடுகிற பிள்ளைகளுக்கும் இதே பாடம்தானே. முன்பு நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று மறதி, கோபம், களைப்பு என்று மாறினால், பிறவியில் வந்த குறைபாடு போல அதைக் கையாளக் கூடாது என்பதை ஒரு புது ரீச்சருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

குறைந்த கட்டுப்பாடுள்ள சூழல் என்று ஒரு சொல்லை வைத்து ஒரு இரவு முழுக்கப் போனது. சாதாரண வகுப்பு, வகுப்புக்குள் உதவி, பகுதி நேர அலகு, முழுநேர அலகு, தனிப் பாடசாலை, விடுதி என்று படிப்படியாக இடங்கள் இருக்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு எது பொருந்துமோ அதில் வைக்க வேண்டும். எங்கள் பக்கம் நடுப்படிகள் பெரும்பாலும் இல்லை. காது கேளாத பிள்ளை என்றால் ஊர்ப் பாடசாலை, அல்லது ஆனையிறவு தாண்டிக் கைதடியில் 1956 இல் தொடங்கிய நவீல்ட் பாடசாலை விடுதி. 6 வயதுப் பிள்ளையை விடுதியில் விடுவதா என்று கேட்கிற தாய்க்கு இந்தப் படிக்கட்டுப் படத்தைக் காட்டி என்ன சொல்வது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். பதில் வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஒழுக்காற்று நடவடிக்கை, இடைநிறுத்தம் பற்றிய 10 பாடசாலை நாள் விதி, 504 ஆம் பிரிவின் கீழ் எழுதும் திட்டம், பெற்றோர் மேன்முறையீடு இதெல்லாம் அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு. பதிவில் இருமடங்கு வேகத்தில் கேட்டேன்.

கைநூல் நன்றாக இருக்கிறது, சொற்பட்டியலுக்கு முழு மதிப்பெண். ஆனால் நிறம் நிறமாகக் கட்டம் போட்டிருப்பதால் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்தால் பாதிப் பக்கம் சாம்பல்தான், கொம்யூனிகேஷன் கடைப் பொடியனே வேண்டாம் அக்கா என்றான். சான்றிதழ் சுவரில் மாட்ட அழகாக இருக்கும், சம்பளப் படிக்கோ இடமாற்றப் புள்ளிக்கோ உதவும் என்று யாரும் நம்பிச் சேர வேண்டாம். அதற்கு மஹரகம தேசிய கல்வி நிறுவகம், திறந்த பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி என்று உரிய வழியில்தான் போக வேண்டும்.

சேருகிறவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். 1996 சட்டத்தின் தமிழ்ப் பிரதியை முதலே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சின்னச் சட்டம், ஒரு இருப்பில் வாசிக்கலாம். வகுப்பில் 'சட்டப்படி' என்ற சொல் வரும் ஒவ்வொரு முறையும், எந்த நாட்டுச் சட்டம் என்று மைக்கைப் போட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், அவர் கோபிக்கிற ஆள் இல்லை. முழுக் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் ஐ.ஈ.பி. பதிவுகளையும் கைநூலையும் மட்டும் தனியாகத் தருவார்களா என்று வட்ஸ்அப்பில் கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் அப்படி ஒன்று போடவில்லை, ஆனால் எங்கள் பிரிவில் பாதியில் வந்து கேட்ட ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தார்கள்.